ஒரே பெயரில் இரண்டு சிறுமிகள்

மதியம் தங்கை போனில் அழைத்தபோது அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் அக்காவைக் கலவரப்படுத்தியது.

"கொஞ்சம் இங்க வர முடியுமா?"

"என்னாச்சு?"

"வா. போன்ல சொல்ல முடியல."

அக்கா நிரல் எழுதுபவள். தங்கை கார்ட்டூன் படம் எடுக்கும் நிறுவனத்தில் ஓவியர். அங்கே படங்களெல்லாம் குளிரூட்டிய அறையொன்றில் பல சர்வர்களில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். ஆனால் ஓவியர்களின் மேசைக் கணினிகளால் அவற்றை நேரடியாகத் திறக்க முடியாது. பிரதி எடுத்து, வரைந்து, மறுபடி ஏற்ற வேண்டும். சர்வர்களுக்கிடையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த நிரலை மேசைக் கணினியிலும் ஓடவைத்து, அத்தனை படங்களையும் ஒரே ஃபோல்டராகக் காட்டும் வேலையில் அக்கா மாதக்கணக்கில் மூழ்கியிருந்தாள். முதல் சோதனைக்குத் தன் கணினியைக் கொடுத்தவள் தங்கைதான். டீத்தூள் டப்பாவைக்கூடப் பூட்டி வைப்பதால் 'பூட்டு' என்று பெயர் வாங்கிய மேலாளரிடம், "எங்க அக்கா செஞ்சது சார், தைரியமா போடலாம்" என்று சொன்னவளும் அவள்தான்.

தங்கையின் திரையில் ஒரு சிறுமி கதவைத் திறந்துகொண்டிருந்தாள். கண் இல்லை, நிறம் இல்லை, வெறும் பென்சில் கோடு.

"இது முதல்ல போட்ட கிறுக்கல். முடிச்ச படத்தைத் திறந்தாலும் இதுதான் வருது. எல்லா காட்சியும் இப்படித்தான். ஒரு வருஷ உழைப்பு, அக்கா."

அக்கா திரைப் பக்கம் குனிந்தாள். "ஏதாவது சேவ் பண்ணியா?"

"இல்ல. பாத்ததும் கைய எடுத்துட்டேன்."

மேலாளர் பூட்டு பின்னால் வந்து நின்றார். அக்கா சர்வர் அறையின் சாவியைக் கேட்டதும் கொடுத்துவிட்டு, தங்கையோடு அவரும் கூடவே வந்தார். உள்ளிருந்த கணினியில் அக்கா அதே ஃபோல்டரைத் திறந்தாள். கிறுக்கல் இருந்தது. அதன் கீழேயே முடித்த படமும் இருந்தது, கன்னத்துச் சிவப்பு உட்பட.

"ரெண்டுக்கும் ஒரே பேரா வச்ச?"

"பேரு ஒண்ணுதான். கிறுக்கலுக்கு இங்கிலீஷ் சின்ன எழுத்து, முடிச்சதுக்குப் பெரிய எழுத்து. அடையாளத்துக்கு."

அக்கா நீண்ட மூச்சு விட்டாள். "சர்வருக்கு அது ரெண்டு பேர். உன் கம்ப்யூட்டருக்கு ஒரே பேர். எதைக் கேட்டாலும் முதல்ல கெடச்சதை எடுத்துக் குடுத்திருக்கு. என் நிரல்லதான் ஓட்டை."

"அப்ப எதுவும் போகலையா?"

"ஒண்ணும் போகல."

தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"நிரலைக் கழட்டிடறேன் சார். சரி பண்ணிட்டு மறுபடி போடலாம்" என்றாள் அக்கா.

"கழட்ட வேணாம்மா. பாக்க மட்டும் விடுங்க. யாரும் சேவ் பண்ண முடியாம பூட்டி வைங்க," என்றார் பூட்டு. இந்த யோசனை தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. உடனே உட்கார்ந்து அதைச் செய்தாள்.

வெளியே வந்ததும்தான் தங்கைக்குப் பசி தெரிந்தது. ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்து, பாதியை மூடியில் வைத்து அக்காவிடம் தள்ளினாள். இருவரும் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"உன்னை மாதிரி பேர் வைக்கிறவங்க இங்க இன்னும் யாரு?" என்றாள் அக்கா.

தங்கையின் வாய் நிறையச் சோறு. கரண்டியைத் தூக்கி ஜன்னலோர மேசையைக் காட்டினாள். பிறகு அதற்கடுத்ததை. பிறகு தூணுக்குப் பின்னால் குனிந்திருந்த தலையை. கரண்டி கூடத்தைச் சுற்றி மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது.