பறந்து வந்த தகரம்

சூறைக்காற்றில் பக்கத்து வீட்டுக் காளியண்ணனின் தகரம் பறந்து வந்து மலர்விழியின் ஓட்டுக் கூரையைப் பிளந்தது. பிளந்த பொத்தலை அதுவே மூடிக்கொண்டு கிடந்ததால், இரண்டு நாள் மழை உள்ளே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காளியண்ணன் வந்தார். உடைந்த ஓடுகளுக்காக ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நினைத்தாள். மனுசன் வாயில் அது வந்தால்தானே?

"தகரத்த எடுத்துக்கறேன் அம்மிணி. உங்கூட்டு ஏணியக் குடு."

ஏணியைக் கொடுத்தாள், அவர் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டும் நின்றாள். அவர் மிதித்ததில் இன்னும் நாலு ஓடு நொறுங்கியது.

கீழே இறங்கியவர் தகரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, ஓடு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"ஆமா அம்மிணி," என்றார் அவர். "உங்கூட்டு ஓடு பட்டு ஓரமே நசுங்கிப் போச்சு, பாரு."