விலாசதாரர் இல்லை

டாக்டர் படிப்புக்குச் சீமை போகிறான் என்றால் ஊர் வழிவிட்டு நிற்கும். தோட்டம் போடப் படிப்பதற்குச் சீமை போகிறான் என்றால்? கொத்தமங்கலம் சிரித்தது. "மம்பட்டி பிடிக்க அமெரிக்காவா? நம்ம தோட்டக்கார மலையாண்டிக்குத் தெரியாததையா வெள்ளைக்காரன் சொல்லித் தரப் போறான்?" என்று கேட்டவர்களில் முத்துக்கருப்பனின் கூடப் பிறந்த அண்ணனும் ஒருவன். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்பதைத் தமிழில் சொல்ல முத்துக்கருப்பனும் ஒரு வருடமாக முயன்று பார்த்துவிட்டான். நிலத்தை வடிவமைக்கிற படிப்பு என்றால், "பிளாட் போட்டு விக்கப் போறியா?" என்றார்கள். கடைசியில் தோட்டப் படிப்பு என்றே நிலைத்துவிட்டது.

அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. சென்னையில் கட்டடக்கலை படித்து முடித்து, ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் இரண்டு வருடம் படம் வரைந்திருந்தான். பணக்காரர்களின் பங்களாக்களுக்கு எத்தனை குளியலறை என்று கணக்குப் போட்டுப் போட்டு அலுத்துப் போயிருந்தது. காம்பவுண்டுச் சுவரோடு அவன் வேலை முடிந்துவிடும். அவனுக்கோ சுவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதில்தான் கண். கொத்தமங்கலத்தில் ஒரு பாட்டம் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எந்தத் தெரு வழியாக ஓடி எந்த ஊருணிக்குப் போகிறது, எந்த வரத்துக்காலை யார் வீட்டு மாட்டுக்கொட்டகை மறிக்கிறது என்று லீவில் வந்த நாளெல்லாம் குடையும் அளவு நாடாவுமாக அலைந்தான். பதினாலு தாளில் வரைந்து வைத்தான். ஊரில் பாதிப் பேர் அவனுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்றார்கள், மீதிப் பேர் சர்வேக்காரன் என்று பயந்தார்கள்.

மவுண்ட் ரோட்டு அமெரிக்க நூலகத்தில் உட்கார்ந்து பதினோரு பல்கலைக்கழகங்களின் விலாசத்தை எழுதி எடுத்தான். எழுதிப் போட்டதில் ஏழு கேட்டலாக் வந்தன. கப்பலில் வந்த ஒன்று நனைந்து ஊறி அப்பளம் மாதிரி வந்து சேர்ந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் மைதானம் போடுவதற்கென்றே ஒரு பருவம் முழுக்கப் பாடம் வைத்திருந்தார்கள். கொத்தமங்கலத்தில் கோல்ஃப் ஆடப்போவது யார், ஆடா? அதைத் தள்ளினான். இன்னொன்றில் ஆறு மாதம் பனி. இங்கிலாந்தில் இருந்த ஒன்று நல்ல இடம்தான், ஆனால் அதன் மரப் பட்டியலில் ஒரு முள்மரம்கூட இல்லை. டில்லியில் அடுத்த வருடம் இந்தப் படிப்பைத் தொடங்கப்போவதாகப் பேச்சு. பேச்சை நம்பிப் பெட்டி கட்ட முடியுமா?

கடைசியில் அமெரிக்காவின் மேற்கே வறண்ட மாநிலம் ஒன்றில் இருந்த பல்கலைக்கழகத்தில் மனம் போய் நின்றது. அதன் கேட்டலாக்கில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு படம். செம்மண் சரிவு, கல் அடுக்கிய கரை, அதில் தேங்கிய கொஞ்சம் மழைத்தண்ணீர். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் அது செம்மண்தான் என்று அவன் அடித்துச் சொல்லுவான். அங்கே ஒரு பேராசிரியர் மழைநீர் ஓட்டத்தையே பாடமாக நடத்தினார். இதற்காகவே நான் பிறந்தேன் என்று முத்துக்கருப்பன் நினைத்தான். இந்த வயதில் எல்லாரும் நினைப்பதுதான்.

மற்றவற்றை விட்டுவிட்டு அந்த ஒன்றுக்கே விண்ணப்பம் தயாரித்தான். சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும். ஆபீஸ் முதலாளி, "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். தன்னைத் தானே புகழ்ந்து எழுத உட்கார்ந்தவன் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அடித்ததில் நாலு வரிதான் மிஞ்சியது. முதலாளி அதைப் படித்துவிட்டு, "உம் மேல உனக்கே நல்ல அபிப்பிராயம் இல்லையே" என்று சிரித்தார்.

படிவத்தில் ஒரு கேள்வி அவனை மடக்கிப் போட்டது. உங்கள் செலவை ஏற்பவர் யார்? அவன் அப்பச்சி நாச்சியப்பச் செட்டியாருக்கு நாலு ஆண் பிள்ளைகள். இவன் மூன்றாவது. பர்மாவில் இருந்ததையெல்லாம் அந்த ஊர்ச் சர்க்கார் எடுத்துக்கொண்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. வீடு பெரிது, சோறு சிறிது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டான். பல்கலைக்கழகத்தின் உதவி வேண்டுமா என்று கேட்டிருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டான். டிக் போடக் காசா பணமா? நா. முத்துக்கருப்பன், கொத்தமங்கலம் என்று பேரையும் விலாசத்தையும் எழுதி, பதினாலு படத்தையும் போட்டோ எடுத்து உள்ளே வைத்து, 1971 நவம்பரில் காரைக்குடித் தபாலாபீசில் ரிஜிஸ்தர் செய்தான்.

தை பிறந்ததும் கீழச்சிவல்பட்டியில் இருந்து பேச்சு வந்தது. வயிரவஞ் செட்டியார் அவர்களுக்கு ஒரே கோயில் பங்காளி. மலேயாவில் தோட்டமும் ஊரில் வீடுமாக வசதியானவர், பிள்ளை இல்லை. பிள்ளை கூட்டிக்கொள்ள, அதாவது தத்து எடுத்துக்கொள்ள, இந்த வீட்டுப் பையனைக் கேட்டார். செட்டிநாட்டில் இது புதிது இல்லை. வளர்ந்து மீசை வைத்த பிள்ளையையும் கூட்டுவார்கள்.

பகல் சாப்பாட்டில் நாச்சியப்பர் மகனைப் பார்க்காமல், சோற்றைப் பார்த்துக் கேட்டார்.

"கீழச்சிவல்பட்டிலேருந்து கேக்குறாக. நாலு பேர்ல உன்னையத்தான் கேக்குறாக. உன் படிப்புக்கும் அனுப்புறேன்னு சொல்றாக. போறியா?"

"போறேன்."

ரசம் இன்னும் வந்திருக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அவன் ஆத்தா மீனம்மாளின் கரண்டி அப்படியே நின்றது. முத்துக்கருப்பனோ அதைக் கவனிக்கவே இல்லை. அவன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தான்.

இங்கே விலாசம் என்றால் ஊரும் தெருவும் மட்டும் இல்லை. பேருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளும் விலாசம்தான். பிள்ளை கூட்டினால் அந்த எழுத்துகள் மாறும். முத்துக்கருப்பனுக்கு எழுத்து மட்டும் இல்லை, பேரே மாறியது. வயிரவஞ் செட்டியார் தன் அப்பச்சியின் பேரை வைத்தார். சடங்கு முடிந்து மாலையைக் கழற்றியபோது அவன் வயி. சாத்தப்பன். தன் தகப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட வயிரவருக்கு நா எழவில்லை. இவனை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார். கோபத்தில்கூட மரியாதை குறையாது. நல்ல மனிதர்தான், அதுவும் சொல்ல வேண்டும்.

மாசியில் அவன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஏரோகிராம் எழுதினான். என் பேர் இனி சாத்தப்பன், முன்பு முத்துக்கருப்பன் என்று விண்ணப்பித்தவன் நானே, விலாசம் கீழச்சிவல்பட்டி. இதைவிடத் தெளிவாக எழுத முடியாது என்று நினைத்தான். இருபத்து நாலு வயதில் ஒருவன் தகப்பனை மாற்றிக்கொள்வான் என்று அந்த ஊர்க் குமாஸ்தாவுக்கு யார் சொல்லித் தருவது? கொத்தமங்கலத்துக்குத் தபால் வந்தால்? வந்தால் என்ன, பெற்ற வீடு, ஒரு கவரைத் திருப்பிவிடத் தெரியாதா என்று இருந்துவிட்டான்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. 'திரு. சாத்தப்பன், உங்களிடமிருந்து படங்களோ மதிப்பெண்களோ சிபாரிசுகளோ வரவில்லை. விண்ணப்பம் முழுமையாக இல்லாததால் பரிசீலிக்கவில்லை.' அவன் படித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். அவன் எழுதிய ஏரோகிராமை யாரோ புது ஆள் என்று எடுத்துப் புதுக் கோப்பு போட்டிருக்கிறார்கள். மறுபடி எல்லாவற்றையும் விளக்கி, சடங்கில் எடுத்த போட்டோவையும் வைத்து அனுப்பினான். பாஸ்போர்ட்டும் அதே வாரம் வந்து சேர்ந்தது, சாத்தப்பன் பேரில்.

ஜூனில் வந்த பதிலை எழுதியவர் அந்தப் பேராசிரியரே. முத்துக்கருப்பனின் ஊருணிப் படங்களைப் போல ஒன்றைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். மார்ச் மாதமே அவனுக்கு இடம் கொடுத்துவிட்டார்களாம். இடம் மட்டுமா? கல்விக் கட்டணம் கிடையாது. தன்னிடம் உதவியாளராக வேலை, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சம்பளம், விமான டிக்கெட்டுக்கு ஒரு நிதியிலிருந்து பணம். ஒப்புதல் கேட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டதால் ஏப்ரல் கடைசியில் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த வருடம் விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்கள், உதவிக்கு உறுதி சொல்ல முடியாது. திரும்பி வந்த உறையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், அதன் மேல் உங்கள் மொழியில் ஏதோ எழுதியிருக்கிறது, எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

அவனுக்குப் படிக்கத் தெரிந்தது. கொத்தமங்கலத்துத் தபால்காரரின் கோணல் எழுத்தில், 'விலாசதாரர் இல்லை'.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இது வாய்வரை வந்ததை வீட்டு ஆளே தட்டிவிட்ட கதை. அவன் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு முதலில் வயிரவரிடம் போனான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"போனாப் போகுது ஐயா. ஆவணில உங்களுக்குக் கல்யாணம். பிள்ளை கூட்டினது எதுக்கு? வீடு தழைக்கணும். ஒரு பிள்ளை பிறக்கட்டும், பிறகு போங்க."

"அனுப்புறேன்னு சொன்னீகளே."

"இல்லைன்னா சொல்றேன்? இந்த வருசமே அனுப்புறேன்னா சொன்னேன்? அதோட, தோட்டப் படிப்புன்னு சொன்னீக, நம்ம மலேயாத் தோட்டத்துக்குத்தான் படிக்கிறீகன்னுல்ல நெனச்சேன். அதுக்கு ரப்பர் தெரிஞ்சாப் போதாதா?"

அவர் குரலில் ஏமாற்று இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் சொன்னவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம்.

மறுநாள் திருப்பத்தூர் வந்து, காரைக்குடி போய், பஸ் மாறிக் கொத்தமங்கலம் வந்து இறங்கினான். நாச்சியப்பர் முகப்பில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார்.

"வாங்க. வீட்ல எல்லாரும் சொகமா இருக்காகளா?"

பெற்றவர் எழுந்து நின்று வாங்க என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கு உட்காரத் தோன்றும்? இவன் உட்காரவில்லை.

"மார்ச் மாசம் எனக்கு ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்துச்சா?"

"உங்களுக்கு வரல. முத்துக்கருப்பன்னு ஒரு பேருக்கு வந்துச்சு. தபால்காரர் கேட்டாரு. அப்படி ஒருத்தர் இங்க இல்லைன்னேன். பொய்யா?"

"கீழச்சிவல்பட்டிக்குத் திருப்பி விடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"குடுத்த பிள்ளைக்கு வர்ற தபாலுக்கு நான் எதுக்கு வழி சொல்லணும்? பிள்ளையக் குடுத்துட்டு வாலைப் பிடிச்சிக்கிட்டு இருக்கான்னு நாலு பேர் பேசவா?"

"நாலு பேரா? எந்த நாலு பேரு? அந்த நாலு பேரா எனக்குச் சீட்டுக் குடுக்கப் போறாக?"

நாச்சியப்பர் பத்திரிகையை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அப்புறம்தான் மரியாதை கழன்றது.

"நான் உன்னையக் கேட்டேன். போறியான்னு கேட்டேன். சோத்துல கைய வச்சிக்கிட்டே போறேன்னே. யோசிச்சுச் சொல்றேன்னுகூடச் சொல்லல. மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவுக வீட்டு வாசல்ல போயி நானே முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதுக்காகத்தாண்டா உன்னையக் கேட்டதே. உங்க ஆத்தா மூணு நாள் பச்சத்தண்ணி குடிக்கல. அந்தத் தபால்ல உன் பேரப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வேணாம்னு விட்டுட்டுப் போன பேருதானேன்னு நெனச்சேன். இல்லைன்னேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. அன்றைக்குத் தன் வாயில் இருந்து வந்த அந்த 'போறேன்' எவ்வளவு வேகமாக வந்தது என்று இப்போதுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

"அப்படி என்னதான் இருந்துச்சு அந்தத் தபால்ல?" என்றார் நாச்சியப்பர். குரல் தணிந்திருந்தது.

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இடம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார், நிம்மதியாக உறங்கியிருப்பார். ஆனால் அவனுக்கு வலித்தது, அவருக்கும் வலிக்க வேண்டும் என்றிருந்தது.

"சீட்டு இருந்துச்சு. பீஸ் கட்டு, சாப்பாட்டுக்குக் குடுன்னு யாரையும் கேக்கல. எல்லாம் அவுகளே தர்றதா எழுதியிருந்தாக. பிளேன் டிக்கெட்டும் அவுகளே."

நாச்சியப்பர் அதை மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டார். உதடு அசைந்தது. "அப்ப... நாம யார்கிட்டயும் போயிருக்க வேணாமே. உன்னையக் குடுத்திருக்கவே வேணாமே."

"வேணாம்."

"ரெண்டு மாசம்," என்றார் அவர். "ரெண்டு மாசம் பொறுத்திருந்தா..." தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்தபோது அவன் எதிர்பார்த்த திருப்தி வரவில்லை. அவருடைய கைகள் எவ்வளவு மெலிந்துவிட்டன என்றுதான் கண்ணில் பட்டது.

மீனம்மாள் உள்முற்றத்து வளவுக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இலை நறுக்கிக் கையில் வைத்திருந்தாள். நாலைந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் கூப்பிடாத பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"முத்துக்கருப்பா, இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போப்பா. சோறு வடிச்சிட்டேன்."

அவன் குடையை எடுத்துக்கொண்டான். மூன்று மணி பஸ்ஸை விட்டால் காரைக்குடியில் அடுத்த வண்டி கிடைப்பது கஷ்டம்.

"இல்ல, நேரமாச்சு" என்றான். "வீட்ல தேடுவாக."