பெலேதான் பெரியவன்

ஜானகிராமன் டிவிஎஸ் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு நிமிர்வதற்குள் மரி-லோர் மதாம் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். அவர் அப்படி வாசல் தாண்டி வருகிறவர் இல்லை. வைத்திக்குப்பத்திலிருந்து மீன்காரி கூடையோடு வந்தால்கூட ஜன்னல் வழியாகவே பேரத்தை முடித்து அனுப்பிவிடுவார். இன்றைக்கு வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, "உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றார். முந்தின ராத்திரிதான் கால்பந்து உலகக்கோப்பை இறுதி ஆட்டம் முடிந்திருந்தது. பிரெஞ்சு அணியின் ஜிதான் ஒருவனை நெஞ்சில் தலையால் முட்டியதையும், சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போனதையும், பிரான்ஸ் தோற்றதையும் எந்த வரிசையில் சொன்னால் மதாமின் கணவர் அந்துவானுக்கு அதிகம் எரியும் என்று, தன் வீடு இருக்கும் சாரத்திலிருந்து வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர் ஜானகிராமன்.

"காலையில டாக்டர் வந்தாரு. பிரஷர் எறங்கவே மாட்டேங்குது. இன்னொரு வாட்டி வாதம் வந்தா தாங்க மாட்டாருன்னுட்டாரு." மதாம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "நீங்க வந்துட்டுப் போனா அவரு மூஞ்செல்லாம் செவந்து கெடக்குது. நெத்தியில நரம்பு பொடைச்சுக்குது. உங்கள வர வேணாம்னு சொல்லல. அவரு சொல்றதுக்கு சரின்னுட்டுப் போயிடுங்களேன். இனிமே ஜெயிச்சு என்ன பண்ணப் போறோம்?"

ஜானகிராமன் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வது.

அவர்கள் இருவரின் வழக்கு இருபது வருஷத்துப் பழையது. எண்பத்தாறாம் வருஷம் ஊரில் கலர் டிவி வைத்திருந்தவர்களில் அந்துவான் ஒருவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்பார்கள்; அவரும் சொல்தா. மில் அணியில் ரைட் பேக் ஆடிக்கொண்டிருந்த ஜானகிராமன் அந்த டிவியில்தான் மரடோனாவைப் பார்த்தார். பார்த்தவர் அன்றைக்கே விழுந்துவிட்டார். "உலகத்துலயே இவன்தான் பெரியவன்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, "என் வீட்டு டிவியில, என் வீட்டு கரண்டுல பாத்துட்டு எங்கிட்டயே மரடோனாவாய்யா? நீ பெலேவப் பாத்தியா?" என்று அந்துவான் எழுந்துவிட்டார். அவர் பார்த்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் பிரான்ஸுக்கு ஆட வந்த பெலேவின் சாந்தோஸ் அணியைப் பார்க்க, விடுப்பு கேட்டு ரயில் ஏறிப் போனவர். மேல் வரிசையில் கடைசியில் இடம். பெலே கட்டைவிரல் அளவுதான் தெரிந்தான். அன்றைக்கு அவன் பெரிதாக ஒன்றும் செய்யவும் இல்லை.

"அப்புறம் என்னத்தப் பாத்த?"

"நின்னான்யா. பந்து வர்றதுக்கு முன்னாடி ஒரு நில்லு நின்னான். அந்த எடத்துக்கு பந்து தானா வந்துச்சு. அது போதும்."

"நிக்கிறவன்தான் பெரியாள்னா பீச்சுல காந்திகூடத்தான் நிக்கிறாரு."

இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அது நாள் தவறாமல் சாயங்காலம் நான்கு மணிக்கு நடக்கிற காரியமாயிற்று. பெலே காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்தால் அரிசி மூட்டை கனம் கனக்கும் என்பார் அந்துவான். பெலேவைச் சுற்றி நின்ற பத்துப் பேரும் ராஜாக்கள், மரடோனா ஒற்றை ஆளாகத் தேர் இழுத்தவன் என்பார் ஜானகிராமன். கையால் கோல் போட்டவன் என்று அந்துவான் ஆரம்பித்தால், அதே ஆட்டத்தில் பாதி மைதானத்தை ஓடிக் கடந்து போட்ட கோலை யார் கணக்கில் எழுதுவது என்று இவர் மறிப்பார். சொல்லுக்குச் சொல் வந்து எதுவும் பேச முடியாமல் போகும்போது அந்துவான் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். மூன்று உலகக்கோப்பை. அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். ஜானகிராமன் பதிலுக்கு, மரடோனா தனியாளாக வென்ற ஒரு கோப்பைக்கு, ஒரு விரலைக் காட்டிவிட்டு வண்டியை எடுப்பார். வெவ்வேறு காலத்தில் ஆடிய இருவரை ஒரே மைதானத்தில் இறக்கிப் பார்க்க எந்தக் கடவுளாலும் ஆகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். தீர்ப்பே வராத வழக்கு என்பதால்தான் மறுநாளும் போக முடிந்தது. மில் மூடி, விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு ஜானகிராமனைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்பியதே இந்த நான்கு மணிதான்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். கிளமான். இவர்களைவிட மூத்த சொல்தா. ஐம்பதுகளில் பிரெஞ்சு அணியின் நட்சத்திரமாக இருந்த கோப்பாவின் ஆட்டத்தை அங்கேயே நேரில் பார்த்தவர். பெலேவும் வேண்டாம் மரடோனாவும் வேண்டாம், கோப்பாதான் என்று கடைசிவரை நின்றார். அவரைக் கல்லறையில் இறக்கியபோது அந்துவான் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, பாதிரியாருக்கே கேட்கும்படி, "சரி கிளமான், உன் கோப்பாதான் பெரியவன்," என்றார். ஜானகிராமனும் ஒரு பிடி போட்டு, "ஆமாண்ணே, கோப்பாதான்," என்றார். மதாம் அன்று அவ்வளவு அழுகையிலும் சிரித்துவிட்டார்.

இந்த வருஷம் தவக்காலத்தில் அந்துவான் கோவிலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது விழுந்தார். வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று, தமிழும் பிரெஞ்சும் சேர்த்து. மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்: நோன். பிரெஞ்சில் 'இல்லை'. சாப்பிடுகிறீர்களா என்றாலும் நோன், ஜன்னலைத் திறக்கட்டுமா என்றாலும் நோன். மற்றவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஜானகிராமன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மரடோனாவில் ஆரம்பித்தார். வாதாடுவதற்கு அந்த ஒரு சொல் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. உலகக்கோப்பை தொடங்கியபோது டாக்டர் சொல்லி டிவியைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தையும் மறுநாள் ஜானகிராமன்தான் வந்து சொன்னார், வேண்டிய இடத்தில் உப்பும் காரமும் போட்டு. கட்டிலிலிருந்து நோன், நோன் என்று வந்துகொண்டே இருக்கும். இடது கை படுக்கையை அடிக்கும்.

அன்றைக்கு உள்ளே போனபோது அந்துவான் தயாராக இருந்தார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிச் சைகை காட்டியிருக்கிறார். தெருவில் பையன்கள் கத்தியதிலிருந்தே பிரான்ஸ் தோற்றது தெரிந்திருக்க வேண்டும்; அடி விழட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல ஜானகிராமனையே பார்த்தார். நெற்றிப்பொட்டில் நரம்பு தெரிந்தது. இத்தனை நாள் அதைப் பார்த்ததே இல்லையே என்று ஜானகிராமனுக்குத் தோன்றியது. இப்போது அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"ஜிதான் நல்லாத்தான் ஆடினான்," என்றார். "ஏதோ போறாத நேரம். தோத்துட்டாங்க. பரவால்ல."

அந்துவான் காத்திருந்தார்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன் சொல்தா. இத்தினி வருஷமா வீம்புக்குப் பேசிட்டேன். நீ சொல்றதுதான் சரி. பெலேதான் பெரியவன்."

நோன் வரவில்லை. அந்துவான் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு பார்வை ஜானகிராமனைத் தாண்டி, கதவருகே நின்ற மதாமிடம் போய், திரும்பி வந்தது. அப்புறம் மெல்ல, இடது தோளை ஊன்றி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜானகிராமன் வெளியே வந்து வண்டியை உதைத்தபோது ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்திகூட இருந்தது. அதை நினைத்து அவர் பிற்பாடு வெட்கப்பட்டார்.

மறுநாள் போனார். அந்துவான் தூங்குகிறார் என்றார் மதாம். அதற்கு மறுநாளும் தூக்கம். வியாழக்கிழமை மதாம் சமையலறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றார். கிண்ணத்தில் ஆடை கட்டியிருந்தது.

"தூங்கல," என்றார். "திங்கக்கெழமையிலேர்ந்து செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. பிரான்ஸுலேர்ந்து பொண்ணு போன் பண்ணா. காதுல வச்சேன். அது அழுவுது, இவரு நோன்னுகூட சொல்லல." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பிரஷர் நல்லா எறங்கியிருக்குதாம். டாக்டர் சந்தோஷமாப் போனாரு. நீங்க அவருகிட்ட என்னதான் சொன்னீங்க?"

"நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன் மதாம்."

சொன்னபோதே அவருக்கு உறைத்தது. கிளமானை அடக்கம் செய்துவிட்டு வரும்போது வழியில் ஒரு கடையில் காபி குடித்தார்கள். அந்துவான் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு, "செத்தவனுக்கு மட்டும்தான்யா விட்டுக்குடுக்கணும்," என்றார். "எனக்கும் நீ அப்பத்தான் சொல்லணும். அதுக்கு முன்ன சொன்னே, பாத்துக்கோ." ஜானகிராமன் அன்று சிரித்தார், நீ முந்துறியா நான் முந்துறேனா யாருக்குத் தெரியும் என்று. இப்போது உயிரோடு படுத்திருக்கிறவன் மேல் தன் கையாலேயே ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, திருப்தியாக வீட்டுக்கும் போயிருக்கிறார். மில்லில் தறி கையைக் கடித்தபோதுகூட அவருக்கு இப்படி வலித்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜூலை பதினாலு. பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். ஊரில் மிச்சமிருக்கும் சொல்தாக்கள் கோட்டு சூட்டு போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு, பேண்டு வாத்தியத்தோடு கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு நடந்து போவார்கள். அந்துவான் ஒரு வருஷமும் விட்டதில்லை. ஜானகிராமன் நான்கு மணிவரை பொறுக்கவில்லை. காலையிலேயே வந்துவிட்டார். பீச் ரோட்டுப் பக்கம் போலீஸ் மறித்திருந்ததால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

மதாம் கதவைத் திறந்தார். ஆனால் வழி விடவில்லை. "என்ன பண்ணப் போறீங்க?"

"சண்ட போடப் போறேன்."

"ஏதாச்சும் ஆயிடுச்சின்னா?"

"ஆவலாம் மதாம். நீங்க வேணாம்னா இப்பிடியே போயிடறேன்."

மதாம் அவரைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். கோட்டுப் போட்ட ஒரு கிழவர் தடியை ஊன்றிக் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவர் முக்குத் திரும்பும்வரை பார்த்துவிட்டு, கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

அந்துவான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மதாம் அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு மெடல்களைக் குத்தியிருந்தார். நான்கு நாளில் கழுத்து ஒடுங்கி, காலர் தொளதொளவென்று இருந்தது. ஜானகிராமன் நாற்காலியைத் தரையில் கிறீச்சென்று இழுத்துப் போட்டார்.

"யோவ் சொல்தா. அன்னிக்கு நான் சொன்னது பொய்யி."

முதுகு அசையவில்லை.

"நீ செத்துடுவேன்னு டாக்டர் சொன்னாரு. உன் பொண்டாட்டி கெஞ்சினாங்க. பயந்துட்டு சொல்லிட்டேன். செத்தப்புறம் சொல்றேன்யா, கண்டிப்பா சொல்றேன். மண்ண அள்ளிப் போட்டுட்டு ஊரே கேக்குற மாதிரி சொல்றேன். இப்ப சொல்ல மாட்டேன். இப்ப பெலே எனக்கு ஒண்ணுமே இல்ல."

தூரத்தில் பேண்டு சத்தம் கேட்கத் தொடங்கியது. மின்விசிறி அதை வெட்டி வெட்டி அனுப்பியது.

"உங்க ஜிதான் என்ன பண்ணான்னு நான் சொல்லல பாரு. கடைசி ஆட்டம், உலகமே பாக்குது, மாடு முட்டுற மாதிரி முட்டிட்டு வெளிய போனான். மரடோனாவ காலு காலா ஒதச்சானுங்க, ஊருக்கு ஊரு ஒதச்சானுங்க, எழுந்து எழுந்து ஓடினான்ல? உன் பெலே மட்டும் என்ன? ரயிலேறிப் போனியே, அன்னிக்கு ஒரு கோலு போட்டானா? போட்டானாய்யா? நின்னானாம். சும்மா நிக்கிறதுக்கு..."

மெடல்கள் ஒன்றோடொன்று லேசாக உரசின.

"சும்மா நிக்கிறதுக்கு பீச்சுல காந்தி போதாதா?"

"நோன்."

நான்கு நாள் திறக்காத தொண்டையிலிருந்து வந்த சத்தம். ஆனால் நோன்தான். அந்துவான் திரும்பினார். ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தை இழுத்துக்கொண்டு திரும்ப நேரமாயிற்று. ஜானகிராமன் எழுந்து உதவவில்லை. அந்துவானின் முகம் சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீரும் கோபமும் சேர்ந்து இருந்தன. நெற்றிப்பொட்டில் நரம்பு எழும்பி, துடிப்பது தெரிந்தது. மதாம் அறைக்குள் ஓரடி வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

"நோன்! நோன்!"

இடது கை போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு விரல் நிமிர்ந்தது. இரண்டாவதும் நிமிர்ந்தது. பட்டினி கிடந்த கை, மூன்றாவது விரல் பாதியில் வளைந்து நின்று நடுங்கியது. அந்துவான் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தார். ஜானகிராமன் அந்த விரலையும் நெற்றி நரம்பையும் மாறி மாறிப் பார்த்தபடி, தன் ஒற்றை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.