பஞ்சடைத்த இரண்டு விரல்கள்

கையுறையின் மோதிர விரலுக்குள் பஞ்சைத் திணித்து முடித்தபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது மகளுக்கு உறைத்தது. செத்துப்போன பிறகும் அம்மாவுக்கு விரல் முளைக்க வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. போரில் போனவை. நான்கு வருடம் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, தோளில் துப்பாக்கியோடு வெடிபொருள் லாரி ஓட்டியவள். வீடு திரும்பிய வாரமே அவளுடைய அண்ணன், மகளுக்குப் பெரிய மாமா, சீருடையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். "ஆம்பளைங்களோட சுத்தினவள்னு பேசுவாங்க. மில்லு மெஷின்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லு, போதும்" என்றார். கல்யாணத்துக்கு வெள்ளைக் கையுறையும் அவரே வாங்கி வந்தார்.

அதன் பிறகு வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் கையுறையின் காலியான இரண்டு விரல்களில் பஞ்சடைத்து, அதை மாட்டிக்கொண்டுதான் அம்மா சபையில் உட்காருவாள். வேர்வையில் ஊறி அந்தப் பஞ்சு நாறும். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் மகளும் மில் மெஷின் என்றுதான் சொன்னாள். அவளுக்கு ஐம்பது வயதாகிறது, அம்மாவிடம் ஒருநாளும் விரல் எப்படிப் போனது என்று கேட்டதில்லை.

சவப்பெட்டி வைத்திருந்த அறையின் கதவு திறந்தது. முதலில் சென்ட் வாசனை வந்தது, பின்னால் பெரிய மாமா வந்தார்.

"அட, அந்தக் கருமத்தை எதுக்கு மாட்டறே? தூக்கிப் போடு!"

"நீங்க வாங்கிக் குடுத்ததுதானே மாமா."

"அது அந்தக் காலம். முன்னாள் வீரர் சங்கத்துக்காரங்க வந்திருக்காங்க, பேப்பர்காரன் வந்திருக்கான். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விடு. அந்தக் கையை மேலாக்க வை. போட்டோவுல நல்லாத் தெரியணும்."

மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது, தலைக்கு நேற்றுதான் சாயம் போட்டிருக்கிறார் போல, காதோரம் கறுப்பு ஒட்டியிருந்தது. போருக்கு ஆள் எடுத்தபோது தட்டைப் பாதம் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி வீட்டோடு இருந்துகொண்டவர். அந்தத் தட்டைப் பாதத்தை வைத்துக்கொண்டுதான் இன்றும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். கோட்டில் சங்கத்துக் கொடி ஒன்றைக் குத்தியிருந்தார். யார் கொடுத்தார்களோ.

அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவரே பெட்டிக்குள் குனிந்து சட்டைக் கையை மடித்து விட்டார். அம்மா உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட அவர் அந்தக் கையைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

சங்கத்துச் செயலாளர் குறிப்பேட்டோடு உள்ளே வந்தார். "விரல் எப்படிப் போச்சுன்னு ரெண்டு வரி வேணும்."

"எதிரி வீசின குண்டு சார்," என்றார் மாமா, கண் இமைக்காமல். "அப்படியே பிடிச்சுத் திருப்பி வீசினா. ஒன்பது பேர் உசிர் பொழைச்சுது."

"அப்படித்தானேம்மா?" என்று செயலாளர் மகளிடம் கேட்டார்.

பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், உண்மை என்ன என்று கேட்பார். தெரியாது. பெற்ற மகளுக்குத் தெரியாது. மாமாவின் மேல் இருந்த அருவருப்பு அப்படியே திரும்பி அவள்மேல் ஏறியது.

"ஒன்பது பேரா? லாரியில நாங்க ரெண்டே பேருதான் இருந்தோம்."

வாசல்படியில் குள்ளமாக ஒரு கிழவி நின்றாள். ஆண்கள் போடும் சட்டை, கையில் தடி. "நான் அக்காவோட கிளீனர்," என்றாள். நேராகப் பெட்டியிடம் வந்து அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டயர் பஞ்சர். மழை பேஞ்சு மண்ணு இளகிக் கிடந்துச்சு. ஜாக்குக்கு அடியில வெக்கிற கட்டையை முந்தின நாள்தான் டீ போட எரிச்சுட்டோம். அக்காதான் எரிக்கச் சொன்னா, குளிரு தாங்கலை. வெறும் மண்ணுல ஜாக்கை வெச்சது நான். சரிஞ்சுது. ரெண்டு விரல் உள்ள மாட்டிக்கிச்சு."

விரல் இல்லாத அந்த இடத்தைக் கிழவி தடவிக் கொடுத்தாள்.

"துணியைச் சுத்திக்கிட்டு அவளேதான் ஓட்டினா. எனக்கு அப்போ ஓட்டத் தெரியாது. பின்னால ஏத்தியிருந்த சரக்குக்காக போர்முனையில பசங்க காத்துக்கிட்டு இருந்தாங்க."

"நல்லாருக்கே!" என்றார் மாமா. "டீ போட்டோம், ஜாக் சரிஞ்சுதுன்னு பேப்பர்ல போட்டா சிரிக்க மாட்டான்?"

செயலாளர் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். "குண்டுன்னே இருக்கட்டும். படிக்கிறவங்களுக்கு உணர்ச்சியா இருக்கும்," என்று எழுதிக்கொண்டார்.

"போட்டோக்காரரைக் கூட்டிட்டு வரேன். ரெண்டே நிமிஷம், தயார் பண்ணி வை," என்று மாமா அவரைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

மகள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கையிலிருந்த கையுறையைக் குப்பைக்கூடையில் எறிந்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்தும் பிசுபிசுத்தது.

"அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதா?"

"வலிக்காம? போய்ச் சேர்ற வரைக்கும் ஒரே கெட்ட வார்த்தை. ஜாக்கைத் திட்டினா, மழையைத் திட்டினா, குடிச்ச டீயைத் திட்டினா. என்னை மட்டும் ஒரு சொல் சொல்லலை." கிழவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "திட்டியிருக்கலாம்."

மகள் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள். பிறகு, சுவரில் சாய்த்து வைத்திருந்த பெட்டி மூடியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

கிழவி அவளையும் கதவையும் பார்த்தாள். தடியைக் கீழே போட்டுவிட்டு வந்து பிடித்தாள். இருவருமாக மூடியைப் பெட்டியின் மேல் இறக்கினார்கள்.

மூடியில் ஆறு ஸ்க்ரூ. பெட்டி கொண்டுவந்தவன் திருப்புளியை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். முதல் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு மகள் அடுத்ததற்கு நகர்ந்தாள்.

"வரிசையாப் போடாதே கண்ணு, ஒரு பக்கமா இழுத்துக்கும். இங்க ஒண்ணு போட்டா நேர் எதிர்ல ஒண்ணு. சக்கரம் மாட்டறப்போ உங்கம்மா அப்படித்தான் போடுவா."

கதவு தட்டப்பட்டது. "ஏய், என்ன பண்றே உள்ள? போட்டோக்காரர் நிக்கிறார்! கதவைத் திற!"

மகள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் மண்டியிட்டாள். கதவு அதிர அதிர முறுக்கினாள்.

கிழவி ஸ்க்ரூவின் மேல் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் கால் சுத்து," என்றாள்.