துண்டுக்குள் ஐந்து விரல்

"இருபத்தஞ்சு மீட்டர் தூரத்துல நிக்கிற வண்டியோட நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா? ஆமாவா, இல்லையாக்கா?" என்று கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள் பூஜா.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது பூஜா வேலை பார்க்கிற இ-சேவை மையம். என் மனைவி தமிழரசி வண்டி ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். எடுக்க விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குக் கீழே என்பதால் டாக்டர் சான்று வேண்டாம், தன் உடம்பைப் பற்றித் தானே சொன்னால் போதும். அவளுக்கு முப்பத்தாறு. நான் அவள் நாற்காலியின் பின்னால், துணிக்கடையில் கணவன்மார் நிற்பதுபோல நின்றிருந்தேன்.

தமிழரசி திரும்பி, தெருவில் நின்ற ஆட்டோவின் எண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த பஸ்ஸு நம்பர் இன்னாங்க?" என்றாள்.

பஸ் இருந்த இடத்தில் எனக்குப் பச்சையாக ஒரு பெரிய மூட்டை தெரிந்தது. ஆனால் மணி பதினொன்று பத்து. அது போளூர் வண்டி. சொந்தமாக வண்டி வாங்கும் முன் எட்டு வருடம் அதன் தலையில் புளி மூட்டை ஏற்றியவன் நான். எண்ணைத் தயங்காமல் சொன்னேன்.

பூஜா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணா, அந்த வண்டி எஃப்.சி.க்குப் போயி மூணு நாளாச்சி. இது மாத்து வண்டி."

"அவரு எப்பவும் பழைய பாடத்தத்தான் படிப்பாரு. நீ ஆமான்னு போடும்மா" என்றாள் தமிழரசி. நானும் சிரித்துவைத்தேன். வியாபாரத்தில் மாட்டிக்கொண்டால் முதலில் சிரிக்க வேண்டும். அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

என் அப்பா மாட்டுத் தரகர். போளூரைச் சுற்றி நடக்கிற சந்தைகளில்தான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காத இரண்டு விஷயங்களை அவரிடம் கற்றேன். ஒன்று, உனக்கு வேண்டிய மாட்டை நீ பார்க்கவே கூடாது. பக்கத்து மாட்டைத் தடவிக்கொண்டே நிற்க வேண்டும். உடையவன் தானாக வந்து இதைப் பாரேன் என்பான். இன்னொன்று, உன் மாட்டின் குறையை நீயாகச் சொல்லாதே. கேட்டால் மட்டும், கேட்டதற்கு மட்டும்.

போன ஆடி மாதம் வேலூரில் கண் டாக்டர் என் மாட்டின் குறையைச் சொன்னார். சர்க்கரை. வலது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது; இடது கண்ணில் நடுவே புகை. "நாலு சக்கரத்தத் தொடாதீங்க" என்றார். வீட்டில் வந்து, கண்ணாடி பவர் ஏறிவிட்டதாம் என்றேன். தமிழரசி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். உம் என்றாள்.

எனக்கு இருக்கிறது ஒரு குட்டியானை. மலைக் கிராமங்களில் புளியும் சாமையும் வாங்கிக் கீழே கொண்டுபோகிற சின்ன லோடு வண்டி. அது ஓடினால்தான் நான் வியாபாரி. பாதை பழக்கத்தில் பொங்கல்வரை மெதுவாக நானே ஓட்டினேன். டிரைவர் போடலாம் என்றால் அவன் இரண்டு நாளில் என் கண்ணை எடை போட்டுவிடுவான். மூன்றாம் நாள் மலை முழுக்கத் தெரியும். கண் தெரியாத வியாபாரிக்குப் போன வருடத்துக் கறுப்புப் புளியைப் புதுப் புளியோடு கலந்து கொடுப்பது பாவத்தில் சேராது, நானாயிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஆகவே பக்கத்து மாட்டைத் தடவினேன். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி கார் ஓட்டிவந்ததைத் தமிழரசி காதில் விழும்படி இரண்டு நாள் புகழ்ந்தேன். "பொம்பளைங்களுக்குக் கை பக்குவம். ஆனா எல்லாருக்கும் வராது" என்று கொக்கியும் போட்டேன். மூன்றாம் நாள், "நான் ஓட்டிப் பழகட்டா?" என்று அவளே கேட்டாள். உனக்கு எதுக்கு வம்பு என்று அரை மணி நேரம் மறுத்துவிட்டுத்தான் இறங்கிவந்தேன். அன்று இரவு அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

கீழே ஆர்.டி.ஓ. ஆபீசில் கம்ப்யூட்டர் தேர்வு. சாலைக் குறிகளை எல்லாம் அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தவள், உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். "மலை ரோட்டுல ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா யாரு நிக்கணும், சொல்லுங்க" என்றாள்.

"சின்ன வண்டிக்காரன்."

"இத்தினி வருசம் இப்டித்தான் ஓட்னீங்களா? எறங்குற வண்டிதான் நிக்கணும். ஏர்ற வண்டிக்கு வழி வுடணும்."

சிவப்பு டேப்பைக் கத்தரித்து வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' எழுத்தை ஒட்டினாள். எல் இருக்கிறவரை சரக்கு ஏற்றக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அரசாங்கம் போட்ட சட்டம். உட்கார்ந்தேன். என் லைசென்சுக்கு இன்னும் நான்கு வருடம் உயிர் இருந்தது. கண்ணுக்குத்தான் இல்லை.

காவலூர் போகிற ரோட்டில், ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்துப் பழகினோம். முதல் நாளே இரண்டு பேருக்கும் சண்டை. நான் "கிளச்சு, கிளச்சு" என்று கத்துவேன். வண்டி ஆடு உதறுவதுபோல உதறி நின்றுவிடும். "கத்தாதீங்க. நீங்க கத்தறப்ப எனக்குக் காலு எதுன்னே தெரியல" என்பாள். மரங்களுக்கு மேலே காவலூர் வானாய்வு மையத்துத் தொலைநோக்கியின் வெள்ளை மண்டபம் எனக்கே மங்கலாகத் தெரிந்தது. எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தை அங்கே உட்கார்ந்து பார்த்துவிடுகிறார்கள். நான் பத்தடியில் இருக்கிற கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வாரம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இன்ன விரல் இன்ன தொகை, மடக்கினால் குறை. சுற்றி நூறு பேர் நின்றாலும் யாருக்கும் தெரியாது. கியர் கம்பியின் மேல் அவள் இடது கை. அதன் மேல் என் வலது கை. இரண்டின் மேலும் என் தோள் துண்டு. ஒரு விரலைத் தட்டினால் முதல் கியர், இரண்டு தட்டினால் இரண்டாவது. கையை முழுசாகப் பிடித்தால் பிரேக். தமிழரசி முதலில் வெட்கப்பட்டாள். "ரோட்ல போறவன் இன்னா நெனைப்பான்?" என்றாள். ஆனால் அன்று ஒருமுறைகூட வண்டி நிற்கவில்லை.

எனக்கு இன்ஜின் சத்தம் போதும், எந்தக் கியர் என்று சொல்ல. பாதையும் மனப்பாடம். இருட்டில் அவரவர் வீட்டுக்குள் நடக்கிற மாதிரிதான். ஒரே ஒரு நாள், நேர் ரோடு என்று நான் மூன்று விரலைத் தட்ட, அவள் கேட்காமல் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது.

"இன்னா ஆச்சி?"

"மாடு" என்றாள். மூன்று மாடுகள் ரோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தனவாம். மாட்டுத் தரகர் மகனுக்கு மாடு தெரியவில்லை. "தெரியும், நீ பாக்குறியான்னு பாத்தேன்" என்றேன். மாடுகள் எழுந்து போகிறவரை அவள் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து, முதல்முறையாக மலையிறங்கிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். வழியில் மாதையன் வீடு. புளி உலுக்கி, ஓடு உடைத்து, களத்தில் குவித்திருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள். இருபது வருடமாக எனக்குத்தான் புளி போடுகிறார். இருபது வருடமாக நான் விலை சொன்னதும் தலையில் கைவைத்துக்கொள்கிறார்.

"இன்னா யாவாரி, சாரதி மாறிட்ச்சி? நீ ராசாவாட்டம் குந்திக்கினு வர்ற."

"வயசாச்சில்ல மாமா. ராசாவா இல்லன்னா எப்ப இருக்கறது?"

சிரித்தார். நான் குவியலருகே குந்தி, ஒரு சுளையை எடுத்து விரலால் நசுக்கினேன். மோந்தேன். இப்போதெல்லாம் என் நாக்குதான் கண். வாயில் வைக்கப் போனேன்.

"நக்கிப் பாக்காத யாவாரி. எல்லாம் புதுசு. கலக்க மாட்டேன்னு ஒம் பொஞ்சாதிகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றார் மாதையன்.

சுளை விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "எப்போ?"

"தீவாளிக்கு முன்னாடியே. அது பஸ்ஸுல வந்து, இந்தப் பக்கம் நாலு வூடும் ஏறி எறங்கிச்சி. அவருக்குப் பார்வை கம்மி, பழசக் கலந்து குடுக்காதீங்க, அவருகிட்ட எதுவும் கேக்காதீங்கன்னு. நானும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "வாயி சும்மா இருக்க மாட்டேங்குது. வெலையில கொறைச்சிப்புடாத" என்றார்.

தீபாவளிக்கு முன்பு. நான் அவளுக்கு வலை விரித்ததே பொங்கலுக்குத்தான். மலை முழுக்கத் தெரிந்த ஒரு விஷயத்தை மலை முழுக்க மறைத்துக்கொண்டு ஆறு மாதம் விலை பேசியிருக்கிறேன். எத்தனையோ பேர் முன்னால் புளியைத் தூரப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, நிறம் பார்ப்பதுபோல நடித்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்கள். வெட்கம் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, யாரும் கலக்கவில்லையே என்ற எண்ணமும் வந்தது. இரண்டில் எது கனம் என்று எனக்கு இன்னும் நிறுக்கத் தெரியவில்லை.

தமிழரசி வண்டியில் உட்கார்ந்தபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். நான் ஏறி உட்கார்ந்தேன். துண்டைப் போட்டேன். ஒரு விரல் தட்டினேன். வண்டி கிளம்பியது.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. விரல் மட்டும் பேசியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், ரோடு கொஞ்சம் அகலமாகிற இடத்தில், நான் ஒன்றும் தட்டாமலேயே ஓரங்கட்டி நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிறகு கையைத் திரும்பத் துண்டுக்குள் கொண்டுவந்து, என் கையைக் கம்பியிலிருந்து எடுத்து, தன் மடிப்பக்கம் திருப்பிப் பிடித்தாள். சந்தையில் பிடிப்பது போலவே.

"அஞ்சுக்கு எவ்ளோ?" என்றாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாது?"

"அஞ்சுக்கு எவ்ளோ தெரியிது?"

என் அப்பா வாயால் சொல்லாத பொய் கிடையாது. ஐந்து வயது மாட்டை மூன்று என்பார், முட்டுகிற மாட்டைக் குழந்தை என்பார். ஆனால் துண்டுக்குள் கையை விட்டுவிட்டால் பொய் கிடையாது. கொடுத்த விரல் கொடுத்ததுதான். அதில் ஏமாற்றியவனோடு மறுநாள் சந்தையில் யாரும் கை கோக்க மாட்டார்கள். இதை நான்தான் தமிழரசிக்குச் சொல்லியிருந்தேன், பெருமையாக, இதே வண்டியில்.

மூன்று விரலைக் கொடுத்தேன்.

அவள் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஒத்துக்கொள்ளாதவர்கள் செய்வதுபோல ஒரு விரலை மெல்ல மடக்கித் திருப்பிக் கொடுத்தாள். நான் இழுக்கவில்லை. மிச்சம் இரண்டு. அதையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இரண்டாவது விரலை நானே மடக்கினேன்.

மிச்சமிருந்த ஒற்றை விரலை அவள் விடவில்லை.

"பஸ்ஸு எங்க வருது?" என்றாள் கடைசியில்.

காது கொடுத்தேன். "ரெண்டு வளைவு கீழ. செகண்ட் கியர்ல ஏறுது. ஆளு நெறைய. பின்னாடியே பைக்கு ஒண்ணு முந்தப் பாக்குது."

"அத மட்டும் சொல்லிக்கினு வாங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

பஸ் வந்தது. எங்கள் முன்னால் ஒரு பச்சை மூட்டை உறுமிக்கொண்டு திரும்பி, கண்ணாடியை நிறைத்து, மேலே போயிற்று. அது கிளப்பிய காற்றில் துண்டு நழுவிக் காலடியில் விழுந்தது. பைக்கும் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். போயிற்று. பிரேக்கை விடுவித்து, என் கையோடு சேர்த்துக் கம்பியைப் பிடித்து முதல் கியர் போட்டாள். துண்டை இரண்டு பேரும் எடுக்கவில்லை. திறந்து கிடந்த ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, அடுத்த வளைவுக்குக் கீழே என்ன வருகிறது என்று நான் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்.