ஊசி குத்திய கை

அந்தச் சலவைக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'இதோ ஆச்சு'. எந்தத் துணியைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். ஆக்கித் தருவது என்னவோ அவர் மனைவி. கல்லாவில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவது அவர் வேலை. உள்ளறையில் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவது அம்மாளின் வேலை.

அம்மாளுக்கு வலது தோள் வலித்தபோது கடைக்காரர் மருந்துக் கடையில் தானாகவே மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்தார். வலி போகவில்லை, வயிறு புண்ணானதுதான் மிச்சம். கை மேலே எழும்பவும் மறுத்தது. கடைசியில்தான் டாக்டரிடம் போனார்கள்.

"இந்த மாத்திரையை உடனே நிறுத்துங்க. தோளை இப்படியே விட்டா இறுகிப் போயிடும், அப்புறம் கை வழங்காது. அக்குபங்சர் செஞ்சு பாருங்க, சிலருக்கு நல்லாக் கேக்குது. முறையாப் படிச்சவங்ககிட்ட போங்க" என்றார் டாக்டர்.

கை வழங்காது என்றதும் கடைக்காரர் அம்மாளை அன்றைக்கே அங்கே அழைத்துப் போனார்.

அக்குபங்சர் வைத்தியர் ஒரு பெண்மணி. உறை பிரித்த புது ஊசிகள் தலைமுடிபோல் மெலிசாக இருந்தன.

"மருந்து ஏத்துவீங்களாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மருந்தே கிடையாது. இது சீனாவுல காலங்காலமா வலிக்குப் பண்ற வைத்தியம். ஊசியை வெச்சதும் அரை மணி நேரம் அசையாமப் படுக்கணும்."

"அரை மணி நேரமா? சும்மாவா?" என்று அம்மாள் பதறினாள்.

கையில் ஊசியோடு அம்மாள் படுத்திருக்க, திரைக்கு வெளியே கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். கடையிலிருந்து மகள் போன் செய்தாள். கறுப்புக் கோட்டுக்கு ஆள் வந்து நிற்கிறாராம். இவர் தலையைச் சொறிந்துவிட்டு, "ஏம்மா, கறுப்புக் கோட்டை எங்க வெச்சே?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"மேல் தட்டுல, இந்தப் பக்கம்!" என்ற அம்மாள், பழக்க தோஷத்தில் அந்தக் கையை நீட்டியே காட்டிவிட்டாள். அடுத்த நொடி 'ஐயோ' என்று அலறினாள்.

கடைக்காரர் திரையை விலக்கிக்கொண்டு ஓடினார். ஊசி வளைந்திருந்தது. கையில் ஒரு துளி ரத்தம்.

"படுத்திருக்கிறவங்களைக்கூட விடமாட்டீங்களா?" என்று வைத்தியர் சீறினார்.

அம்மாளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோட்டு கிடைச்சுதாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவரைக் குத்தியது. தன் கடையில் ஒரு கோட்டு எங்கே தொங்குகிறது என்றுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் முதலாளியாக இருந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. போனை அணைத்தார்.

மறுநாள் இஸ்திரிப் பெட்டி கை மாறியது. முதல் சட்டையின் காலரை அவர் கருக்கினார். அம்மாள் கல்லாவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிகிச்சையும் விடாமல் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வலி தணிந்து, ஒருநாள் பின்னலைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவர் இஸ்திரியை நிறுத்திவிட்டு அந்தப் பின்னலைப் பார்த்துச் சிரித்தார்.

சேதி பரவி ஒரு வாடிக்கையாளர் வந்தார். "எங்க வீட்டம்மாவுக்கும் முதுகு வலி. ஊசி போடற இடத்தோட விலாசம் குடுங்க. நல்ல வைத்தியமாமே?"

கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல வைத்தியம்தான். டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க. ஆனா ஊசி பாதிதான் சார். வீட்டுல ஒருத்தருக்கு வலின்னா, மாத்திரையை வாங்கிக் குடுத்துட்டா நம்ம கடமை தீர்ந்துடாது. அவங்க கையில இருக்கிற வேலையை முதல்ல நாம வாங்கிக்கணும்."