சாமான் சுவர்

சாயிமா டீச்சர் வந்தபோது இரண்டாம் வகுப்பின் சுவர் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நேற்றுவரை அதில் தோல் துண்டு, பெல்ட் பக்கிள், சல்லடை, இட்லித் துணி என்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவற்றை அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிட்டு, அடியில் பெயரெழுதி ஒட்டியிருந்தாள். மும்பைத் தாராவிப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். எழுத்தைக் கண்டால் மலங்க மலங்க விழிப்பார்கள். சாமானைத் தொட்டுத் தொட்டுத்தான் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் காலையிலேயே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்களாம்.

“பின்னே என்ன டீச்சர், பழைய சாமான் போடற பங்கார் கடையா, கிளாஸ்ரூமா? ஆபீசர் வர்ற அன்னிக்குக் கொஞ்சம் லட்சணமா இருக்க வேண்டாமா?” என்றார் தலைமையாசிரியர் வேங்கடசுப்ரமணியன்.

புது ஃப்ளெக்ஸ் பளபளத்தது. பனிக்கரடி, ஆப்பிள், விண்கலம் படங்கள், அடியில் தமிழில் பெயர்கள். பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம், அதனால் ஆளுயரத்துக்கு மேலே அடித்திருந்தார்கள். சாயிமாவுக்கு ஒப்பந்த வேலை, வாய்வரை வந்ததை விழுங்கினாள். விழுங்கிய தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

வாசலில் சைனப் நின்றிருந்தாள், வகுப்பில் படிக்கும் சஃப்ரீனின் அம்மா. மகளை இந்தி மீடியத்துக்கு மாற்றியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவளை, “ஆபீசர் முன்னால அவ படிக்கதப் பாருங்க, பொறவு முடிவு பண்ணுங்க” என்று கெஞ்சி வரவழைத்ததே சாயிமாதான்.

ஆபீசர் வந்தார். சுவரை அண்ணாந்து பார்த்து, “பஹுத் படியா!” என்று இந்தியில் மெச்சினார்.

சாயிமா சஃப்ரீனை முன்னால் நிறுத்தினாள். “இந்தப் பிள்ள தமிழ் நல்லாப் படிக்கும் சார். படி தாயி.”

சஃப்ரீன் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். கை தன்னால் சுவரைத் தடவியது; அங்கே வெறும் சுண்ணாம்பு. எட்டாத உயரத்தில் எழுத்துகள் மினுமினுத்தன. கடைசியில் ஆப்பிள் படத்தைக் கண்டு, “சேப்” என்றாள், இந்தியில்.

ஆபீசர் சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தட்டினார். சைனப் சிரிக்கவில்லை.

“போதும் டீச்சர். இந்திதான் அவளுக்கு வாயில வருது. இங்கன வச்சு எதுக்குப் பிள்ளயப் படுத்தணும்?”

“நேத்துப் படிச்சா சைனப். சத்தியமாப் படிச்சா.”

தலைமையாசிரியர் செல்போனோடு வந்தார். “ஆபீசரோட ஒரு போட்டோ. பிள்ளைங்களை ஓரங்கட்டுங்க டீச்சர், சுவர் மறையறது.”

சாயிமா ஒவ்வொரு தோளாகப் பிடித்து ஒதுக்கினாள். சஃப்ரீன் மட்டும் சுவரில் வைத்த கையை எடுக்கவில்லை. சாயிமா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.